கொழுகொழு குழந்தையா? உயரத்தையும் அளந்து பாருங்க

"பிள்ளை கொழுகொழுன்னு இருந்தாத்தான் அழகு" என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் இருக்கும். ஆனால் எடை சரியா என்பதை வெறும் கண்ணால் சொல்ல முடியாது. வயது, உயரத்தோடு சேர்த்துத்தான் பார்க்கணும். 6 வயது வரை அங்கன்வாடியிலேயே இலவசமாக அளந்து சொல்வாங்க. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு என்ன சொன்னது என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

எடை கூடியிருந்தால் பட்டினி போடாதீங்க, வளரும் உடம்பு அது. முதலில் குளிர்பானத்தை நிறுத்துங்கள். 300 மி.லி. பாட்டிலில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கலாம், அதாவது ஆறு டீஸ்பூன்! மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், கொய்யா கொடுங்க. தினமும் ஒரு மணி நேரம் ஓடியாடட்டும். இது பிள்ளைக்கு மட்டுமான சட்டம் இல்லை; அப்பா மிக்சரோடு டிவி முன்னால் உட்கார்ந்தால் பிள்ளை சுண்டலைத் தொடாது. சந்தேகம் இருந்தால் 104-ஐ அழையுங்கள்.