விழா நாளில் மதுவிலக்கும் திருநீலகண்டத்து ஆணையும்



ஐப்பசித் தீபாவளி தொடங்கித் தைப்பொங்கல் முடியவுள்ள காலம் விழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் காலம். கந்த சஷ்டி, கார்த்திகைச் சோமவாரம், திருக்கார்த்திகைத் தீபம், மார்கழித் திருவாதிரை எனச் சைவ நன்மக்களுக்கு இதனினும் இனிய பருவம் வேறில்லை. ஆங்கிலப் புத்தாண்டும் இதனிடையே வந்து சேர்கின்றது. ஏனைய நாள்களிலெல்லாம் மதுவைத் தொடாது தம்மைக் காத்துக்கொண்ட சிலர், இந்த மூன்று திங்களைக் கடப்பதுதான் அரிதாக இருக்கின்றது என்று நம்மிடம் வந்து கூறுவதுண்டு. அவர்கள் இறையன்பு இல்லாதவர்கள் அல்லர். நீறு பூசி, சந்நிதியில் கண்ணீர் மல்க நிற்பவர்கள். அவர்களை மனத்திற் கொண்டே இவ்வுரையைச் சொல்கின்றோம்.

ஏன் இக்காலம் அரிதாகின்றது? தனித்திருக்கும் நாளில் ஒருவனுக்கு அவனது ஆசை ஒன்றே பகை. பண்டிகை நாளிலோ உறவும் பகையாய் வந்து நிற்கின்றது. வெளியூரில் வேலை செய்யும் தம்பியும் மைத்துனனும் போனஸ் பணத்தோடு ஊர் திரும்புகின்றனர். "ஒரு நாள்தானே மச்சான், எனக்காக ஒரு வாய்" என்கின்றனர். மறுத்தால் அவர்களை அவமதித்ததாக முகம் வாடுகின்றது. சாமியாராகிவிட்டான் என்ற நகைப்பும் எழுகின்றது. வேண்டுமென்று கெடுப்பவர் அவருள் ஒருவரும் இலர். அன்பினால் கொடுக்கின்றார்கள்; அதனால்தான் மறுப்பது கடினமாகின்றது.

சட்டம் காக்காதா என்று கேட்கலாம். 1937 அக்டோபரில் இராஜாஜி அவர்கள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுதும் பரவியது. 1971-இல் தளர்ந்தது, பின்னர் மூடுவதும் திறப்பதுமாக மாறி மாறி நடந்து, 2003 முதல் அரசு வாணிபக் கழகமே சில்லறையாக விற்கும் நிலை வந்தது. வடலூர் வள்ளலாரின் நினைவு நாளாகிய தைப்பூசத்தன்று கடை அடைக்கப்படுகின்றது, தீபாவளியன்று அவ்வாறில்லை. அடைக்கப்படும் நாளிலும், முந்திய நாளே வாங்கி வைத்துக்கொள்பவனைப் பூட்டிய கதவு என்ன செய்யும்? ஆதலின் அதனை விடுத்து, அகத்தே இடும் காப்பினைப் பற்றிப் பேசுவோம்.

மது ஏன் ஆகாது என்பதற்குச் சைவ சித்தாந்தம் கூறும் காரணம் நுட்பமானது. உயிரை அநாதியே ஆணவமலம் பற்றி நிற்கின்றது, செம்பிற் களிம்பு போல. அவ்விருளில் உயிர் முற்றும் மூழ்கிவிடாதபடி, இறைவன் மாயையிலிருந்து உடலையும் மனம் புத்தி முதலிய கருவிகளையும் தோற்றுவித்துக் கொடுத்தருளினான். அவை இருட்டறையில் ஏற்றிய விளக்குப் போல்வன. சூரியன் உதிக்கும்வரை அந்தச் சிறுவிளக்கைக்கொண்டுதான் நாம் வழி நடக்க வேண்டும். மது செய்வது யாது? அந்த விளக்கினை அது ஊதி அணைக்கின்றது. திருமூலர் தம் திருமந்திரத்தின் முதல் தந்திரத்திலேயே கள்ளுண்ணாமைக்கு ஓர் இடம் வகுத்ததும், சிவானந்தத் தேறலை நாடுவோர் வேறு தேறலை நாடார் என்னும் கருத்தை அங்கே வைத்ததும் இதுபற்றியே என்க. நால்யாமமும் கண்விழிக்கும் சிவராத்திரியைத் தலையாய நோன்பாகக் கொண்ட சமயம் இது.

இனி, நாம் எல்லோரும் கண்ட ஒரு காட்சியைக் காண்போம். கார்த்திகை முதல் நாளில் சபரிமலைக்கு மாலை அணிந்தவர், ஒரு மண்டலம் மதுவை நினைப்பதும் இல்லை. பழநிக்குக் காவடி நேர்ந்தவரும் அவ்வாறே. திருவிழாவிற் காப்புக் கட்டியவரும் அவ்வாறே. மாலையைக் கழற்றிய அன்றே, காப்பு அவிழ்த்த அன்றே, பழைய இடத்திற்குச் செல்வோரும் உளர். இதனைக் கண்டு சிலர் நகைப்பர். நாம் நகைப்பதில்லை. நாற்பத்தொரு நாள் ஒருவன் விட்டிருந்தான் என்றால், விட முடியும் என்பதற்கு அவனே சான்று. குறை எங்கே உள்ளது எனின், அவன் கொண்ட ஆணையின் எல்லையில் உள்ளது. நாற்பத்திரண்டாம் நாளை அவன் ஆணைக்கு வெளியே வைத்துவிட்டான்.

ஆணைக்கு எல்லை வகுப்பது எவ்வாறு என்பதைக் காட்ட நம் பெரியபுராணத்தில் ஓர் அடியார் இருக்கின்றார். தில்லைவாழ் அந்தணர்களை அடுத்துச் சுந்தரர் போற்றிய திருநீலகண்டக் குயவனார் அவர். வள்ளுவர் பொருட்பாலில் 92-ஆவதாக வரைவின் மகளிரையும், அதை அடுத்துக் கள்ளுண்ணாமையையும், அதை அடுத்துச் சூதினையும் வைத்தார். இம்மூன்றும் ஒரே தெருவில் உள்ள மூன்று வீடுகள். நம் நாயனார் அவற்றுள் முதல் வீட்டிற்குச் சென்றவர். சேக்கிழார் பெருமான் அதனை மறைக்கவில்லை. அடியார்க்குத் திருவோடு வனைந்தளிக்கும் தூய தொண்டர், திருநீலகண்டம் என்று ஓயாது ஓதுபவர், ஆயினும் இளமையில் அந்த ஒன்றில் மட்டும் எளியவராய் இருந்தார் என்று காட்டுகின்றார். பக்தியும் ஒரு பலவீனமும் ஒருவரிடத்தே சேர்ந்திருக்கலாம் என்பதை நம் புராணம் அறிந்தே இருக்கின்றது. "கோயிலுக்குப் போகிறவன் குடிக்கலாமா" என்று ஏசி அவனைக் கோயிலிலிருந்தும் விரட்டுவோர் இதனைச் சிந்திக்க.

பரத்தையின் இல்லம் சென்று வந்த நாயனாரிடம் மனைவியார் ஊடினார். இரந்து அணுகியபோது, திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டு, எம்மைத் தீண்டற்க என்றார். "என்னை" என்னாது "எம்மை" எனப் பன்மையிற் கூறியதை நாயனார் பற்றிக்கொண்டார். தப்பிக்க விரும்புபவர், இது மனைவிக்கு மட்டுமே உரிய தடை, பிற மாதரைத் தடுக்காது என்று வழி தேடியிருப்பார். நாயனாரோ அச்சொல்லை அகலமாக்கினார். மாதர் எவரையும் இனி மனத்தாலும் தீண்டுவதில்லை என்று நின்றார். ஆணையிட்டவர் மனைவியார், அதனை விரித்துக்கொண்டவர் கணவர்.

இன்று ஆணை ஏற்பவர் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றனர். சாராயம்தான் ஆகாது, பீர் ஆகும் என்பர். ஊரில் ஆகாது, வெளியூரில் ஆகும் என்பர். குலதெய்வத்துக்குப் படைத்தது பிரசாதம் அன்றோ என்பாரும் உளர். காவல் தெய்வங்களுக்கு அவ்வாறு படைக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அவ்வழிபாட்டை இகழ்வது நம் நோக்கம் அன்று. விட்டவர் அங்கே திருநீற்றை மட்டும் பெற்றுக்கொண்டு வரலாம், தெய்வம் சினவாது.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாயனாரின் மனைவியார் ஆணையைப் பெருமானின் கண்டத்தின்மேல் வைத்தார். ஆலகால விடத்தையே தாங்கிய கண்டம் அது. நம் வீடுகளிலோ தாய்மார்கள் பிள்ளையின் தலையில் கணவன் கையை வைத்துச் சத்தியம் வாங்குகின்றனர். தாய்மார்களே, அதனைச் செய்ய வேண்டா. தந்தை ஒருகால் தவறிவிட்டால், அடுத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் அந்த வீடு நடுங்குகின்றது. அந்தப் பாரம் ஒரு குழந்தையின் தலைக்கு ஆகாது. தாங்க வல்லவன்மேல் வையுங்கள்.

ஆண்டுகள் கழிந்து இருவரும் மூப்படைந்தனர். ஒரே இல்லத்தில் இருந்தும் ஆணை மாறவில்லை. சிவயோகியாராய் வந்த பெருமான், தாம் கொடுத்துவைத்த திருவோட்டை மறையச் செய்து வழக்கிட்டு, மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கி மெய்ம்மை கூறுக என்றார். நாயனார் ஒரு மூங்கிற்கோலின் இருதலையையும் இருவரும் பற்ற மூழ்கப் புகுந்தார். கைப்பற்றியே மூழ்குக என்று வற்புறுத்தியபோது, அதுவரை ஒருவரும் அறியாதிருந்த வரலாற்றை ஊரார் கேட்கச் சொல்லிவிட்டார். தம் பழைய பிழையும் அதில் வெளிப்படும் என்று அவர் கூசவில்லை. சொல்லிவிட்டு மூழ்கினார், இருவரும் இளமை பெற்றெழுந்தனர். சிதம்பரத்தில் அத்தீர்த்தம் இளமையாக்கினார் குளம் என்னும் பெயரோடு இன்றும் உள்ளது. நாயனாரின் குருபூசை தை விசாகம். பொங்கல் வரும் தைத் திங்களிலேயே அது வருகின்றது.

மதுவை விட்டவர்க்கு இதிற் பெரிய துணை உண்டு. வயிறு சரியில்லை, மருந்து உண்கின்றேன் என்று பொய்க்காரணம் கூறி விருந்தைத் தட்டுபவரை, அடுத்த விருந்தில் மீண்டும் அழைப்பார்கள். "விட்டுவிட்டேன், திருநீலகண்டத்தின்மேல் ஆணை" என்று ஒருமுறை உறவினர் நடுவே சொல்லிவிட்டால், அழைப்பவருக்கும் ஓர் எல்லை தெரிந்துவிடும். மூங்கிற்கோலையும் மறவற்க. உறவை விடாது பற்றலாம், சற்றுத் தொலைவிலிருந்து. உண்டவுடன் எழுந்து வரலாம்.

ஒரு தீபாவளி இரவில் தவறிவிட்டது என்றே கொள்வோம். விரதம் முறிந்தது, இனிப் பொங்கல் வரை குடிப்பேன் என்பது அறியாமை. பூசையிற் குறை நேர்ந்தால் ஆகமம் பிராயச்சித்தம் விதிக்கின்றது. சந்நிதியை மூடிவிடுமாறு விதிக்கவில்லை. மறுநாட் காலையிலேயே நீராடி நீறணிந்து தொடங்குக.

மற்றொரு செய்தி, இதனை அலட்சியம் செய்தல் கூடாது. பல்லாண்டு நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் மாலை அணிந்த அன்றே திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாள்களில் கைந்நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தோன்றும். சிலருக்கு வலிப்பும், இல்லாததைக் கண்டு பிதற்றும் நிலையும் உண்டாகும். இது அருள் வந்ததும் அன்று, பேய் பிடித்ததும் அன்று. உயிருக்கே ஊறு செய்யக்கூடிய நோய்நிலை. மருத்துவர் இதற்கு மருந்து கொடுத்து எளிதாகக் கடக்கச் செய்வர். அத்தகையவர் விரதம் தொடங்குமுன்னரே மருத்துவரைக் காண்பது நலம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. வைத்தீசுவரன் என்பது நம் பெருமானுக்குரிய பெயரன்றோ. மருந்துண்பதால் விரதத்திற்குக் குறைவில்லை.

விழாக் குழுவினர்க்கும் ஒரு விண்ணப்பம். மாலை விளக்கேற்றும் நேரம் தொடங்கி இரவு பத்து மணி வரையுள்ள பொழுதே விட்டவருக்கு நெருக்கடியான பொழுது. சுவாமி திருவுலா வருவதும் பெரும்பாலும் அப்பொழுதேதான். அவரை வேடிக்கை பார்க்கும் இடத்தில் நிறுத்தாதீர்கள். குடை பிடிக்கவும், பிரசாதம் வழங்கவும், சுவாமியைத் தோளில் எழுந்தருளச் செய்யவும் அழையுங்கள். தில்லையில் மார்கழித் திருவிழாவின் ஒன்பதாம் நாள் தேர். தேருள்ள ஊர்களிலெல்லாம், சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டை போடுபவரின் வேலையைப் பார்த்திருப்பீர்கள். இமைப்பொழுது தவறினாலும் உயிர் போகும் இடம் அது. பழகியவர் பக்கத்தில் ஒராண்டு நிறுத்திக் கற்பித்து, மறு ஆண்டு மதுவை விட்டவரின் கையில் அந்தக் கட்டையைக் கொடுத்துப் பாருங்கள். தேர்நாளுக்கு முந்திய இரவில் அவருக்கு எவரும் கிண்ணம் நீட்டமாட்டார்கள்.