யார் எழுதாவிட்டால் நமக்கு நட்டம்?

1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காலை, மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து காந்தி வெளியே வந்தபோது பழைய உடை போயிருந்தது. இடுப்பில் முழங்கால் அளவுக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். பின்னாளில் உலகமே அடையாளம் கண்டுகொண்ட காந்தி உருவம் எங்கள் ஊரில் பிறந்தது என்று மதுரைக்காரர்கள் சொல்லிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்த நாளை ‘சத்திய சோதனை’யில் தேடினால் கிடைக்காது. மறந்துவிட்டார் என்று சொல்லவும் வழியில்லை. ‘நவஜீவன்’ இதழில் அதை அவர் தொடராக எழுதத் தொடங்கியதே 1925-இல்தான். அப்போது மதுரை நிகழ்ச்சி நடந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் 1920 டிசம்பரில் நடந்த நாகபுரி காங்கிரஸோடு கதையை நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு தன் வாழ்க்கை ஊரறிய நடப்பது, அதில் மக்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவர் சொன்ன காரணம். கூட இருந்த தலைவர்களைப் பற்றியெல்லாம் எழுத வேண்டிவருமே என்ற தயக்கமும் சேர்ந்துகொண்டது.

தன்வரலாற்று நூல்களைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல அளவுகோலை யாரும் தந்ததாகத் தெரியவில்லை. பத்திரிகைகளும் அரசு ஆவணங்களும் எப்படியும் சொல்லிவிடுகிற விஷயத்தைச் சொல்ல ஒருவர் புத்தகம் எழுத வேண்டியதில்லை. அவர் எழுதாமல் போயிருந்தால் நமக்கு வேறெந்த வழியிலும் தெரியவந்திருக்காத ஒன்று அதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதைக் கையில் வைத்துக்கொண்டு மதுரைத் தமுக்கம் மைதானத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்குள் நுழைந்தால், வாசலிலேயே அடுக்கி வைத்திருக்கும் பல புத்தகங்கள் தேறுவதில்லை. நடிகர், கிரிக்கெட் வீரர், முன்னாள் அமைச்சர் என்று அட்டையில் சிரிக்கும் முகங்களில் பலர், நாளிதழில் நாம் ஏற்கெனவே படித்ததைத் தன்மை ஒருமையில் திருப்பிச் சொல்கிறவர்கள். பிடித்த மனிதரின் குரலைக் கேட்கத்தானே வாங்குகிறோம், அதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றமே இல்லை. ஆனால் அது வேறு வகை இன்பம். ‘படிக்க வேண்டிய தன்வரலாறுகள்’ என்று பட்டியல் போடும்போதும் அந்த முகங்களே முதலில் வந்து நிற்பதுதான் இடிக்கிறது.

பிரபலங்களையெல்லாம் ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ஔவை தி.க. சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ இந்த அளவுகோலில் முதல் வரிசையில் நிற்கும் புத்தகம். 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, அதில் சேர்க்கப்பட்ட சண்முகத்துக்கு வயது ஆறு. தந்தை கண்ணுசாமிப் பிள்ளை, பெண் வேடம் கட்டி ஆடியவர். அண்ணன்மாரும் அதே சபையில்தான். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள், விடிய விடிய அரிதாரத்தோடு கண்விழித்து, ஊர் ஊராக மூட்டை கட்டி வளர்ந்த கதை அது. சண்முகத்துக்காகவே சுவாமிகள் ஒரே இரவில் உட்கார்ந்து ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக எழுதி முடித்ததை அவர் சொல்லும் இடத்தில், நாடகத் தலைமையாசிரியர் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த மனிதர் உயிரோடு எழுந்து வருகிறார். பேனாவை எடுத்தால் நிறுத்தாத வேகம், பிள்ளைகள் நடுங்கும் கண்டிப்பு, அந்தக் கண்டிப்புக்குள் இருந்த பாசம் என எல்லாமே தெரிகின்றன. சிறுவர்களே நடித்த இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிகளில் பிள்ளைகள் எப்படித் தூங்கினார்கள், என்ன அடி வாங்கினார்கள் என்பதை எந்த அரசு ஆவணமும் எழுதி வைக்கவில்லை. அன்றைய பத்திரிகையில் நாடக விளம்பரம் இருக்கும். மேடைக்குப் பின்னால் இருந்த குழந்தை இருக்காது. அந்தக் குழந்தையே வளர்ந்து எழுதியதால் நமக்குக் கிடைத்தது.

இதே காரணத்தால்தான் எம்.ஜி.ஆர். ஆனந்த விகடனில் எழுதிய ‘நான் ஏன் பிறந்தேன்’ தொடரில், நட்சத்திரமான பிறகு வரும் பக்கங்களைவிட மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வயிற்றுப்பாட்டுக்குச் சேர்ந்த சிறுவன் வரும் பக்கங்கள் கனமாக இருக்கின்றன. கண்ணதாசனின் ‘வனவாசம்’ தப்பிப்பதற்குக் காரணம் வேறு. தன் சறுக்கல்களை அவரே சொல்லாமல் விட்டிருந்தால், அந்தக் கால மேடை அரசியலின் பின்கட்டு வெளியே தெரிந்திருக்காது. தன்னைத் திட்டிக்கொள்வதிலும் அவருக்குக் கொஞ்சம் ரசனை உண்டு. அதைத் தள்ளுபடி செய்துவிட்டுப் படிக்க வேண்டும்.

மதுரையைச் சுற்றியுள்ள வெளி இந்த வகை எழுத்துக்குத் தந்த பெரிய கொடை பிரபலங்களிடமிருந்து வரவில்லை. வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்த பாமா எழுதிய ‘கருக்கு’, 1992-இல் மதுரையிலிருந்த ஒரு சமூக ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தது. ஆசிரியையாக இருந்து, கன்னியர் மடத்தில் சேர்ந்து, ஏழு ஆண்டுகளில் அதைவிட்டு வெளியே வந்த ஒரு தலித் பெண், தன் தெருவின் பேச்சுத் தமிழிலேயே எழுதிய புத்தகம். அதில் ஒரு காட்சி. சிறுமியாகப் பள்ளிவிட்டு வருகிறாள். தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டியிருக்கும் சணலின் நுனியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பண்ணையாரிடம் குனிந்து நீட்டுகிறார். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. பொட்டலத்தைத் தொட்டால் தீட்டு என்பதால் அப்படி என்று அண்ணன் சொன்னதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. தீண்டாமை பற்றி ஆணையங்கள் அறிக்கை தந்திருக்கின்றன, நீதிமன்றங்கள் தீர்ப்பு எழுதியிருக்கின்றன. வழக்குப் பதிவாகும் அளவுக்குப் பெரிய கொடுமைகள் மட்டுமே அவற்றுக்குள் வரும். சணல் நுனியில் தொங்கும் வடைப் பொட்டலத்துக்கு எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது? ஒரு வாழ்க்கையை நாள்தோறும் அறுத்தது அந்தப் பொட்டலம்தான். மடத்துக்குள்ளும் அதே பாகுபாடு வேறு உடுப்பில் வந்து நின்றதை அவர் எழுதியது, அன்றைக்கு வெளியார் யாருக்கும் எளிதில் தெரிந்திருக்க முடியாத செய்தி.

அடுத்து, இளையான்குடிப் பக்கத்துக் கே.ஏ. குணசேகரன் எழுதிய ‘வடு’. இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாடலை மேடை மேடையாகப் பாடியவர், நாட்டார் கலை ஆய்வாளர், 2016-இல் மறைந்தவர். 2005-இல் வந்த இந்தச் சிறிய புத்தகத்தில் கோபம் குரலை உயர்த்துவதே இல்லை. வகுப்பில் உதவித்தொகைக்குக் கணக்கெடுக்கச் சாதிப் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொல்லும்போது மற்றப் பிள்ளைகள் முன்னால் எழுந்து நிற்பது எப்படி இருந்தது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நகர்கிறார். உதவித்தொகைத் திட்டம் எத்தனை பேரைப் படிக்க வைத்தது என்பதற்கு அரசிடம் கணக்கு உண்டு. அதை வாங்குவதற்கு ஒரு பையன் கொடுத்த விலைக்குக் கணக்கு அவரிடம் மட்டுமே உண்டு. இஸ்லாமியர் மிகுந்த இளையான்குடித் தெருக்களில் சாதி கேட்கப்படாமல் நடமாடிய அதே பையன், சுற்றுப்பட்டிக் கிராமத்துக்குப் போனதும் வேறு ஆளாகிவிடுகிறான். சாதி எங்கே எப்படி நிறம் மாறுகிறது என்பதற்கு இத்தனை நுட்பமான வரைபடத்தை ஆய்வுக் கட்டுரைகளில் காண்பது கடினம்.

இந்த நூல்களைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் குறை, எல்லாம் ஒரே புலம்பல், ஒன்றைப் படித்தால் போதும் என்பது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவர் இதைச் சொல்ல மாட்டார். பாமாவிடம் மதம் இருக்கிறது, பெண் என்பதால் வரும் கூடுதல் பாரம் இருக்கிறது, நையாண்டி இருக்கிறது. குணசேகரனிடம் பசி, பாட்டு, பஸ் காசில்லாத நடை. ஒற்றுமை வலியில் மட்டும்தான். சுதந்திரப் போராட்டத் தியாகிகளின் நினைவுக் குறிப்புகளிலும் சிறை, உண்ணாவிரதம், தடியடி எனத் திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றை யாரும் ஒரே புலம்பல் என்று ஒதுக்குவதில்லை.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் வலுவானது. ஒருவர் தன் கதையை எழுதினால் அதில் தாய், தகப்பன், தெரு, ஊர் எல்லாரும் வந்துவிடுகிறார்கள். அவர்களிடம் அனுமதி வாங்கினாரா? ‘கருக்கு’ வந்தபோது பாமாவின் ஊர்க்காரர்களே கோபப்பட்டு, சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியாத நிலை இருந்தது. எங்கள் பட்டப் பெயரையும் வறுமையையும் ஊருக்கெல்லாம் காட்டிவிட்டாய் என்ற கோபத்தில் நியாயம் இருக்கிறது. பின்னர் அந்த ஊரின் இளைஞர்களே புத்தகத்தைப் படித்துவிட்டு அவர் பக்கம் வந்தார்கள் என்பதால் கேள்வி தீர்ந்துவிடாது. எழுதுகிறவர் எவ்வளவு தூரம் தானும் அந்தக் காயத்துக்குள் நிற்கிறார் என்பதை வைத்துத்தான் வாசகர் முடிவுக்கு வர வேண்டும். பாமா வெளியே நின்று வேடிக்கை பார்க்கவில்லை என்பது வரிக்கு வரி தெரிகிறது.

மூன்றாவது சந்தேகம் எல்லாருக்கும் வருவது: நினைவை நம்பலாமா? ஐம்பது வருடம் கழித்துச் சொல்லும் கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஒட்டுப்போட்டது? இதற்குப் பதில் சொல்ல மதுரையிலேயே ஒரு நல்ல புத்தகம் இருக்கிறது. ‘மிச்சம் மீதி: ஓர் அனுபவக் கணக்கு’. 1919-இல் பிறந்து, பர்மாவில் கடை வைத்திருந்த குடும்பத்தில் வளர்ந்து, உலகப் போரில் அங்கிருந்து தப்பி வந்து, பிற்பாடு மதுரையில் பழ வியாபாரம் செய்த எம்.பி. மாரியப்பனின் வாழ்க்கை. அவர் சொல்ல, அமெரிக்காவில் மானுடவியல் பேராசிரியராக இருக்கும் பேரன் ஆனந்த் பாண்டியன் கேட்டு எழுதியது. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்ததும் பர்மாவிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வெளியேறினார்கள். பெரும்பாலோர் காட்டிலும் மலையிலும் நடந்து வந்தவர்கள். வழியில் விழுந்தவர்களுக்குச் சரியான எண்ணிக்கைகூட இல்லை. அதே நடையை, ரங்கூனில் பத்திரிகையாசிரியராக இருந்த வெ. சாமிநாத சர்மாவும் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ என்று எழுதி வைத்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒருவர் தேர்ந்த எழுத்தாளர், தேதியும் இடமும் குறித்து வைத்துக்கொள்பவர். மற்றவர் கடைக்காரர், விலையும் எடையும் மறக்காதவர். இருவர் பார்வையும் வேறு, இழந்ததும் வேறு. ஒன்றில் விடுபட்டதை மற்றது நிரப்புகிறது, ஒன்றில் மங்கியதை மற்றது திருத்துகிறது. ஒரு சாட்சியை மட்டும் வைத்து எந்த நீதிபதியும் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதுவதில்லை. அதற்காகச் சாட்சியே வேண்டாம் என்று எந்த நீதிபதியும் சொல்வதில்லை. பேரன் எழுதியதால் தாத்தாவின் குரல் கெட்டுப்போயிற்று என்றும் சிலர் சொல்லக்கூடும். இருவர் குரலும் தனித்தனி அத்தியாயங்களில் வருவதால், யார் பேசுகிறார் என்ற குழப்பம் வாசகருக்கு வராது. தானே எழுதியதாகப் பெயர் போட்டுக்கொண்டு வேறொருவரை வைத்து எழுதி வாங்கும் பிரபலங்களின் வழக்கத்தைவிட இது எவ்வளவோ நேர்மை.

நம்பகத்தன்மைக் கேள்வி உச்சத்துக்குப் போனது தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ வந்தபோது. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுப் பொறுப்பாளராக இருந்த தமிழினி என்கிற சிவகாமி ஜெயக்குமரன், போர் முடிந்து சிறையும் புனர்வாழ்வு முகாமும் கண்டு, 2015 அக்டோபரில் புற்றுநோயில் இறந்தார். புத்தகம் வந்தது அவர் இறந்த பிறகு, 2016-இல். இயக்கத்தை விமர்சிக்கும் பகுதிகளை அவர் எழுதியிருக்க மாட்டார், யாரோ நுழைத்துவிட்டார்கள் என்று ஒரு தரப்பு சொன்னது. எழுதியவர் இல்லாதபோது இந்தச் சண்டை முடியாது. சி. புஷ்பராஜாவின் ‘ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்’ போன்றவற்றோடு சேர்த்துப் படிக்கிற வாசகர் முழுக்க ஏமாறவும் மாட்டார், முழுக்க ஒதுக்கவும் மாட்டார். போரின் கடைசி நாள்களில் முள்ளிவாய்க்காலில் ஒரு பெண் போராளி எதைப் பார்த்தார் என்பதை வெற்றி அறிக்கைகளும் சொல்லப்போவதில்லை, வீரவணக்கச் சுவரொட்டிகளும் சொல்லப்போவதில்லை. இதேபோல, மரண தண்டனைக் கைதியாக இருந்த தியாகு ‘சுவருக்குள் சித்திரங்கள்’ எழுதியபோது தன்னைவிடச் சக கைதிகளைப் பற்றியே அதிகம் எழுதினார். சிறை நிர்வாகத்தின் பதிவேட்டில் வெறும் எண்ணாக இருந்தவர்களுக்கு முகம் கிடைத்தது அப்படித்தான்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்கள் ‘வடு’வில் தொடங்கலாம். மெலிந்த புத்தகம், ஓர் இரவில் முடிந்துவிடும். அடுத்து ‘கருக்கு’. ‘எனது நாடக வாழ்க்கை’யை முழுக்கப் படிக்கப் பொறுமையில்லாதவர்கள் சுவாமிகள் உயிரோடிருக்கும் பகுதிவரை படித்தாலே போதும். திருநங்கையான லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’வைப் பெரும்பாலோர் புனே ரயில்களில் பிச்சையெடுத்ததற்காகவும் கடப்பாவில் நடந்த அறுவைசிகிச்சைக்காகவும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதைத் தழுவிக் கன்னடத்தில் வந்த படம் தேசிய விருதும் வாங்கியது. ஆனால் அதைவிட நிதானமாகப் படிக்க வேண்டிய இடம், அறுவைசிகிச்சைக்குப் பிறகு அவர் மதுரையில் ஒரு நிறுவனத்தில் சாதாரண வேலையில் சேர்ந்து, வாடகைக்கு வீடு தேடி, மற்றவர்களைப்போல அலுவலகம் போய்வர முயன்ற பகுதி.