மழைக்குச் சிவப்புப் பக்கம்

போன ஜூலையில் ஒரு சாயங்காலம். மாட்டுங்கா ஆஸ்திக சமாஜம் கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிப்போய்விட்டுச் செம்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் நனைந்த குடைகள் இரண்டு. அம்மாவின் மடியில் ஈரம் சொட்டும் பூப்பொட்டலம். காந்தி மார்க்கெட் நெருங்கும்போது முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. அம்மாவுக்குக் குளிரும் என்று ஏசியை அணைத்து வைத்திருந்தேன். வைப்பரை வேகமாக ஓட விட்டேன், பலனில்லை. துணியால் துடைத்தேன். துடைத்த இடம் பத்து விநாடியில் மறுபடி மங்கியது. எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு மட்டும் மஞ்சள் கறையாகத் தெரிந்தது.

சிக்னலில் வழி தெரிவதற்காகப் பக்கக் கண்ணாடியை இறக்கினேன். அம்மா பதறிப்போய்ப் பேசிய தமிழ், பக்கத்தில் நின்ற கறுப்பு மஞ்சள் 'காலி பீலி' டாக்ஸிக்காரர் காதில் விழுந்திருக்கிறது.

"ஏம்மா, துணிய வச்சுத் தொடச்சிக்கிட்டே கெடக்க? ஏசியப் போடு. அந்த நாபைச் செவப்புப் பக்கம் திருப்பு. காத்தக் கண்ணாடிக்கு விடு. ஒரு நிமிசத்துல போயிரும்."

தாராவியில் நாள்தோறும் காதில் விழும் திருநெல்வேலிப் பேச்சு. "சரி அண்ணாச்சி" என்று திருப்பினேன். சிக்னல் விழுவதற்குள் கண்ணாடியின் அடிப்பக்கத்திலிருந்து தெளிவு மேலே ஏறி வந்தது.

பத்து வருடமாக இந்த ஊரில் கார் ஓட்டுகிறேன். அந்தக் குமிழின் சிவப்புப் பாதியை அதுவரை தொட்டதே இல்லை. மும்பையில் ஹீட்டர் எதற்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச், கியர், ரிவர்ஸ் எல்லாம் சொல்லித் தந்தார்கள். டேஷ்போர்டின் நடுவில் இருக்கும் மூன்று குமிழ்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த ஊரில் கார் ஓட்டுபவரை மழைக்காலம் நான்கு மாதமும் காப்பாற்றுவது அந்தக் குமிழ்கள்தான்.

ஏசி என்றால் குளிர் என்றே நாம் பழகிவிட்டோம். அது செய்யும் இன்னொரு வேலை, காற்றைக் காய வைப்பது. என்ஜினில் சுற்றும் பெல்ட் ஒரு கம்ப்ரஸரை ஓட்டுகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குளிர்ந்த சுருளின் மேல் காற்று போகும்போது, அதிலிருக்கும் ஈரம் சுருளில் நீர்த்துளியாகப் படிந்து, குழாய் வழியே காருக்கு அடியில் சொட்டுகிறது. காரை நிறுத்தியதும் அடியில் தேங்கும் அந்தத் தண்ணீரைப் பார்த்துப் பயந்து மெக்கானிக்கிடம் ஓடுபவர்கள் உண்டு. பயமே வேண்டாம், ஏசி ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

சூடு வருவது வேறு வழியில். என்ஜினைக் குளிர்விக்கும் நீர் ஏறக்குறைய 90 டிகிரியில் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் ஒரு பங்கு டேஷ்போர்டுக்குள் இருக்கும் சிறிய ரேடியேட்டருக்குப் போகிறது. நீலம், சிவப்பு என்று வண்ணம் பூசிய குமிழ், சாதாரண கார்களில், உள்ளே ஒரு தகட்டை அசைத்து எவ்வளவு காற்று அந்தச் சூட்டைத் தொட்டு வரவேண்டும் என்று தீர்மானிக்கிறது. குளிருக்கு பெட்ரோலோ கேஸோ செலவாகும். சூடு, என்ஜின் எப்படியும் வெளியே வீசப்போகும் சூடுதான்.

இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? முதலில் சுருள் காற்றின் ஈரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பிறகு ரேடியேட்டர் அதைச் சூடாக்கும். காய்ந்த சூடான காற்று கண்ணாடியில் படிந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். டாக்ஸிக்காரர் சொன்னதன் பொருள் இவ்வளவுதான். ஏசியும் சூடும் ஒன்றாக ஓடலாம் என்பது பலருக்குத் தெரியாது. அம்மாவுக்கும் குளிரவில்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்க வேண்டும்: வண்டியைக் கிளப்பிச் சில நிமிடம் ஆனால்தான் என்ஜின் நீர் சூடாகும்.

கண்ணாடியில் படியும் பனி இரண்டு வகை. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் பலர் தவறான குமிழைத் திருப்புகிறார்கள். விரலால் உள்பக்கம் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் பனி உள்ளே. நம் மூச்சு, நனைந்த துணி, குடை, மிதியடி எல்லாம் சேர்ந்து உண்டாக்கியது. அதற்கு மேலே சொன்ன வைத்தியம், வெளிக்காற்றும் உள்ளே வரட்டும். கோடு விழாவிட்டால் பனி வெளியே. இது நம் கடற்கரை ஊருக்கே உரிய தொல்லை. ஜூலையில் மும்பைக் காற்று ஏறக்குறைய 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீராகப் படியும், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போல. ஏசியை முழு நீலத்தில் வைத்து, கண்ணாடியைப் பார்த்து வீசவிட்டால், கண்ணாடியே அந்த டம்ளர் ஆகிவிடும். அப்போது காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கி முகத்துக்கோ காலுக்கோ திருப்பி, குளிரைக் குறைத்து, வைப்பரை ஒரு முறை ஓட்டினால் போதும்.

பழைய பிரீமியர் பத்மினி டாக்ஸியில் இந்தக் கவலையெல்லாம் இல்லை. ஏசி கிடையாது. முன்கதவில் ஒரு முக்கோணக் கண்ணாடி இருக்கும், அதைத் திருப்பி வைத்தால் காற்று நேரே முகத்தில் அடிக்கும். மழையில் கண்ணாடியைத் துடைக்க டிரைவரின் தோளில் ஒரு துண்டு. கடைசி பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29 அன்று தார்டேவ் ஆர்டிஓவில் பதிவானது. மும்பை டாக்ஸிக்கு 20 வருடம்தான் ஆயுள் என்பதால், 2023 அக்டோபர் 30 முதல் அந்த வண்டிகள் தெருவில் இல்லை. அந்தச் சீட்டின் ரெக்சின் வாசனையோடு வளர்ந்தவள் நான், அந்த வாரம் மனசே சரியில்லை. அந்தக் காலத்திலும் ஏசி வேண்டும் என்பவர்களுக்கு நீலமும் வெள்ளியுமாக கூல் கேப் இருந்தது, இன்றும் ஓடுகிறது. 2025 பிப்ரவரியிலிருந்து முதல் ஒன்றரை கிலோமீட்டருக்குச் சாதாரண டாக்ஸியில் 31 ரூபாய், கூல் கேபில் 48. அந்த 17 ரூபாய் இடைவெளியை நினைத்தால், கேஸ் விலையை எண்ணி ஏசியைப் போடத் தயங்கும் டிரைவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

காரில் கம்பெனியே ஏசி வைத்து விற்பதை 1939-ல் அமெரிக்காவின் பேக்கார்ட் தொடங்கியது. அதில் அணைக்கும் பட்டனே இல்லை. குளிர் வேண்டாம் என்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, கம்ப்ரஸர் பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். அங்கிருந்து இன்று விரல் நுனிக்கு வந்திருக்கிறது.

இனி, வட்டமாக வளைந்த அம்புக்குறி போட்ட பட்டன். காருக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்ற விடுவது. நம் பக்கத்தில் இதற்கு நல்ல வேலை இருக்கிறது. மாஹுல் சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் போகும்போதும், காட்கோபர்–மான்கூர்டு இணைப்புச் சாலையில் தேவ்னார் குப்பைமேட்டைத் தாண்டும்போதும், ஈஸ்டர்ன் ஃப்ரீவேயின் சுரங்கத்துக்குள்ளும் அதைப் போட்டுவிடுவேன். 2016 ஜனவரியில் தேவ்னார் எரிந்தபோது செம்பூரில் வீட்டு ஜன்னலைக்கூடத் திறக்க முடியவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் இந்தப் பட்டன் பெரிய உதவி. வெயிலில் நின்ற காரைச் சீக்கிரம் குளிர்விக்கவும் இதுவே நல்லது, ஆனால் முதலில் கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் அனலை வெளியே தள்ளிவிட்டு.

அதை அப்படியே மறந்துவிடுவதுதான் கெடுதல். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கிறது. நான்கு பேர் உட்கார்ந்த மூடிய காரில் அது சில நிமிடங்களில் ஆயிரங்களைத் தாண்டும். தலை கனக்கும், கொட்டாவி வரும். புணேயிலிருந்து எக்ஸ்பிரஸ்வேயில் திரும்பும் இரவுகளில் தூக்கம் தள்ளுவதற்கு அலைச்சல் மட்டும் காரணமில்லை. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெளிக்காற்றை விடுங்கள். ஏசியை அணைத்துவிட்டு இந்தப் பட்டனை மட்டும் போட்டு வைத்தால் மழையில் கண்ணாடி மூடிக்கொள்வதும் நிச்சயம். அன்று நான் செய்திருந்ததும் அதேதான்.

மழைக்காலத்தில் ஏசி போட்டதும் ஈரச் சாக்கு நாற்றம் வருகிறதா? சுருளில் தங்கிய ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது. வீடு வர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏசி பட்டனை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிட்டால் சுருள் காய்ந்துவிடும். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஃபில்டரையும் மழைக்கு முன் மாற்றிவிடுங்கள்.

அதே டேஷ்போர்டில் இருக்கும் பாட்டு விஷயத்துக்கும் வருகிறேன். குமிழைத் திருப்பி ஒலியைக் குறைத்த காலத்தில் கண் ரோட்டில் இருந்தது. கை தானாகத் தேடிப்போய்த் திருப்பும். இன்று பல புதிய கார்களில் ஏசி, பாட்டு இரண்டும் தொடுதிரைக்குள் போய்விட்டன. ஸ்வீடனின் வி பிலாகாரே பத்திரிகை 2022-ல் ஒரு சோதனை செய்தது. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே வெப்பநிலையை மாற்றுவது, ரேடியோ வைப்பது போன்ற நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். பட்டன்கள் வைத்த 2005-ஆம் வருடத்து வால்வோவில் 10 விநாடியில் முடிந்தது. தொடுதிரை வைத்த ஒரு புதிய காரில் 44 விநாடிக்கு மேல் ஆனது, அதற்குள் கார் 1,372 மீட்டர் ஓடியிருந்தது. தாராவியில் நாம் 40-ல் போனாலும் விநாடிக்கு 11 மீட்டர். 90 அடி சாலையில் அந்த 11 மீட்டருக்குள் ஒரு கைவண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், குறுக்கே தேங்காய் மூட்டை, எது வேண்டுமானாலும் இருக்கும். பாட்டையும் குளிரையும் வண்டி கிளம்புவதற்கு முன்பே வைத்துவிடுங்கள். புதிய கார் வாங்குபவர்கள், ஒலிக்கும் ஏசிக்கும் தனிக் குமிழ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். திரை எவ்வளவு பெரியது என்பதைவிட எனக்கு அது முக்கியம்.

ஒலியின் அளவு பற்றியும் சொல்ல வேண்டும். சயான் மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் நாளெல்லாம் வந்துகொண்டே இருக்கும். 2024 ஆகஸ்ட் 1 அன்று சயான் ரயில்வே மேம்பாலத்தை இடிப்பதற்காக மூடியதும், அங்கே போன வண்டிகளெல்லாம் சுற்றியுள்ள சாலைகளில் வந்து அடைந்தன. அந்த நெரிசலில் பின்னால் சைரன் அடிப்பதே தெரியாமல், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டோடு நிற்கும் கார்களைப் பார்த்திருக்கிறேன். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. அபராதம் கிடக்கட்டும், உள்ளே படுத்திருப்பவர் நம் தெருக்காரராகவே இருக்கலாம். சயான் வட்டாரத்துக்குள் நுழைந்ததும் பாட்டைப் பாதியாகக் குறையுங்கள்.

கடைசியாகச் சொல்வது, ஏசி போடவே கூடாத ஒரு நேரம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. நீரில் நின்றுபோன கார்களுக்குள் அடைபட்டு மூச்சு முட்டி இறந்தவர்கள் உண்டு. அதன்பிறகுதான் இந்த ஊரில் பலர் காரில் சுத்தியல் வைக்கத் தொடங்கினார்கள். 2017 ஆகஸ்ட் 29 மழையிலும் சயான் பக்கம் நீரில் சிக்கிய காருக்குள் ஒருவர் இறந்து கிடந்தார். வெளியே போக வழியில்லாத புகை உள்ளே வந்து மூச்சுத் திணறியிருக்கும் என்று காவல்துறை சந்தேகித்தது. காந்தி மார்க்கெட்டில் தண்ணீர் வடியும்வரை ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். சைலன்சர் நீரில் மூழ்கிவிட்டால் புகை எங்கேனும் ஓட்டை தேடும், அது காருக்குள்ளும் வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கம் போலத்தான் வரும்.

தண்ணீர் கதவின் அடிவிளிம்பைத் தொட்டதும் முதல் வேலையாகக் கண்ணாடிகளை இறக்குங்கள், மின்சாரம் போய்விட்டால் இறங்காது. கதவுப் பூட்டை எடுங்கள். என்ஜினை அணையுங்கள். வண்டியை விட்டுவிட்டு, மேன்ஹோல் திறந்திருக்கலாம் என்பதால் தெருவின் நடுவே போகாமல், சுவர் ஓரமாகக் கையால் தடவியபடி மேடான இடத்துக்கு நடந்துவிடுங்கள். சுத்தியலை டிக்கியில் வைக்காதீர்கள். என்னுடையது டிரைவர் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே, சீட் பெல்ட்டோடு உட்கார்ந்தபடியே எட்டும் இடத்தில் கிடக்கிறது. பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும் என்று அம்மாவுக்கும் காட்டி வைத்திருக்கிறேன்.