முல்லைப் பெரியாறு அணையின் உறுதிப்பாட்டுக் கணிப்பு

முல்லைப் பெரியாறு அணையின் உறுதிப்பாட்டுக் கணிப்பு என்பது, மதுரை, தேனி உள்ளிட்ட வைகைச் சமவெளிக்கு நீர் தரும் இவ்வணை நீரின் விசையையும் நில அதிர்வையும் தாங்குமா எனக் கைக்கணக்காலும் கணினிப் படிமத்தாலும் ஆராய்வதாகும். அணை கேரளத்தில் உள்ளது.

கைக்கணக்கு

ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1895இல் கட்டி முடிக்கப்பட்ட இது, சுண்ணாம்பு-சுர்க்கிக் காரையாலான ஈர்ப்பு அணை. தன் எடையாலேயே நிற்கிறது. நீரின் தள்ளுவிசை ஆழத்தின் இருபடிக்கும், அணையைக் கவிழ்க்க முயலும் திருப்புத்திறன் முப்படிக்கும் நேர்விகிதத்தில் அமையும். எனவே நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136 அடிக்குக் குறைத்தால் தள்ளுவிசை சுமார் 20 விழுக்காடும், திருப்புத்திறன் சுமார் 28 விழுக்காடும் குறையும். இதற்குத் தாளும் எழுதுகோலும் போதும்.

ஆயினும், அடித்தளத்தில் கசியும் நீர் அணையை மேல்நோக்கி உந்துவதை அக்கால வடிவமைப்பாளர்கள் பொதுவாகக் கணக்கில் கொள்ளவில்லை. பிரான்சின் பூசே அணை அதே 1895ஆம் ஆண்டு ஏப்ரலில் உடைந்த பின்னரே இவ்விசை பரவலாகக் கவனம் பெற்றது. பெரியாறு அணைக்கு 1979க்குப் பின் கம்பிவட நங்கூரங்களும் பின்புறக் கற்காரைத் தாங்கலும் சேர்க்கப்பட்டன.

கணினிப் படிமம்

நிலநடுக்கத்தின்போது அணையில் எங்கு இழுவிசை தோன்றும் என்பதைக் கைக்கணக்கால் அறிவது கடினம். அதற்கு அணையைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணினியில் ஆராய்வர். இம்முறையைக் கையாண்ட ரூர்க்கி ஐ.ஐ.டி. ஆய்வு, வலுவான நிலநடுக்கத்தில் அணை பாதுகாப்பற்றது என்றது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவோ 2012இல் அணை பாதுகாப்பானது என்றது. 2014 மே 7 அன்று 142 அடி வரை நீர் தேக்க நீதிமன்றம் அனுமதித்தது.

படிமத்தின் முடிவு, நூறாண்டு கடந்த காரையின் வலிமைக்கும் நில அதிர்வு முடுக்கத்திற்கும் இடப்படும் மதிப்புகளைப் பெரிதும் சார்ந்தது. கணினி அம்மதிப்புகளைச் சரிபார்ப்பதில்லை. அணை வெறுமையாக உள்ள நிலையில், படிமம் தரும் அடித்தள எதிர்விசைகளின் கூட்டுத்தொகை அணையின் எடைக்குச் சமமாக வரவேண்டும். வராவிடில் படிமத்திலேயே பிழை உள்ளது. இச்சோதனை கைக்கணக்காலேயே செய்யப்படுகிறது.