முள் அசையலைன்னா கணக்கும் அசையாது



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் நம் உறுப்பினர்கள் பலர் பழைய டி.வி.எஸ். எக்ஸ்எல் வண்டியில்தான் மாவு, காய்கறி, பால் எல்லாம் கொண்டு போகிறார்கள். பல வண்டிகளில் மீட்டர் முள் பூஜ்ஜியத்திலேயே படுத்திருக்கும். கேட்டால், "வண்டிதான் ஓடுதே மேடம், மீட்டர் எதுக்கு?" என்பார்கள்.

எதுக்குன்னு பார்ப்போம். இட்லி மாவு விற்கும் ஒரு அக்கா, "வியாபாரம் நடக்குது, கையில காசு நிக்க மாட்டேங்குது" என்றார். அவருடைய நோட்டில் பெட்ரோல் செலவு இருந்தது; ஓடிய தூரம் இல்லை. மீட்டர் நின்று ஒரு வருஷம் ஆச்சு. லிட்டருக்கு எவ்வளவு ஓடுது, எந்த ஊருக்குப் போனால் நஷ்டம் என்று சொல்ல வழியே இல்லை. ஒரு கடையில் புது மீட்டரே வாங்கச் சொன்னார்களாம். பிரித்துப் பார்த்தால், அறுந்திருந்தது கேபிள் மட்டும்தான்!

மீட்டர் எப்படி வேலை செய்யுது?

முன்சக்கரத்தில் இருக்கும் சின்னப் பல்சக்கரம், கேபிளுக்குள் உள்ள கம்பியைச் சுற்றும். அந்தக் கம்பி மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றும். காந்தத்தைத் தொடாமல் ஓர் அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். முள் அதோடு சேர்ந்தது. காந்தம் சுற்றச் சுற்ற, கிண்ணத்தில் மின்னோட்டம் உண்டாகி அதையும் கூடவே இழுக்கும். மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதைத் திருப்பி இழுக்கும். வேகம் கூடினால் முள் ஏறும். இது ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்ட்சே 1902-இல் கண்ட முறை. கிலோமீட்டர் எண்களைத் திருப்புவதும் அதே கம்பிதான்.

பழுது எங்கே?

1. முள், எண் இரண்டுமே ஓடலையா? பெரும்பாலும் கேபிள், இல்லாவிட்டால் சக்கரத்துப் பல்சக்கரம்.

2. எண் ஓடுது, முள் அசையலையா? அல்லது முள் ஏறுது, எண் நிற்குதா? கோளாறு மீட்டருக்குள்.

3. முள் நடுங்குதா? கேபிள் காய்ந்திருக்கும் அல்லது எங்காவது மடங்கியிருக்கும்.

சந்தேகம் இருந்தால், கேபிளை மீட்டர் பக்கம் மட்டும் கழற்றுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக் கையால் சுற்றுங்கள். கம்பி சுற்றினால் கேபிள் நல்லாயிருக்கு. சுற்றவில்லை என்றால் கம்பியை மேலே உருவிப் பாருங்கள். அறுந்திருந்தால் பாதிதான் வரும்.

புதுக் கேபிளில் கிரீஸ் கொஞ்சமாகப் போடணும். மேல்முனையில் ஒரு சாண் அளவுக்குப் போடவே கூடாது. கிரீஸ் மீட்டருக்குள் ஏறினால் முள் ஒட்டிக்கொள்ளும். கேபிள் வளைந்து போகலாம், மடங்கக் கூடாது.

சரியாகக் காட்டுதா?

கூட்டமில்லாத நேரத்தில், கிலோமீட்டர் கல் ஒழுங்காக இருக்கும் சாலைக்குப் போங்கள். முள்ளை 40-இல் நிறுத்தி ஓட்டுங்கள். பின்னால் உட்கார்ந்தவர் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்வரை நேரம் பார்க்கட்டும். ஓட்டுபவர் கடிகாரம் பார்க்கக் கூடாது. 90 விநாடி வந்தால் மீட்டர் சரி. 100 விநாடி ஆனால் உண்மை வேகம் 36தான். 80 விநாடியில் முடிந்தால் வேகம் 45. மீட்டர் குறைத்துக் காட்டுது, இதுதான் ஆபத்து. 3,600-ஐ விநாடியால் வகுத்தால் வேகம் வந்துவிடும்.

தப்பாகக் காட்டினால் முதலில் முன் டயரைப் பாருங்கள். வேறு சைஸ் டயர் போட்டிருந்தால் வேகம், தூரம் இரண்டுமே மாறும். டயர் சரி என்றால், ஸ்பிரிங்கையும் முள்ளையும் நாமே தொட வேண்டாம். மீட்டர் ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுங்கள். பழைய மீட்டர் தேவைப்பட்டால் புதுப்பேட்டையில் தேடலாம்.

இன்னொன்று. குழுக் கடனில் பழைய வண்டி வாங்கும்போது, ஓட்டிப் பார்த்து எண் நகருதா என்று பாருங்கள். மீட்டர் செத்த வண்டியில் காட்டும் கிலோமீட்டரை நம்பி விலை பேசாதீர்கள்.

அந்த அக்கா இப்போது பெட்ரோல் போடும்போதெல்லாம் கிலோமீட்டரை எழுதி வைக்கிறார். நாலு பாக்கெட்டுக்காகத் தினமும் தூரத்துக் கடைக்குப் போனதில்தான் காசு கரைந்திருக்கிறது. இப்போது அங்கே வாரம் இரண்டு நாள்தான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வண்டியின் முள்ளையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாங்க!