புறநானூற்றில் முதுமையும் தலைமுறைகளும்

புறநானூறு எட்டுத்தொகை நூல்களுள் ஒன்று. உ. வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டு இதைப் பதிப்பித்தார். போர், கொடை, புகழ் ஆகியவற்றுக்காகவே பெரிதும் படிக்கப்படும் இந்நூலில் முதுமையை நேரடியாகப் பேசும் பாடல்களும் உள்ளன. எண்ணிக்கையில் அவை குறைவே. ஆயினும் அவற்றை ஒருசேர வைத்துப் படித்தால், மூப்பு என்பது ஆண்டுக்கணக்கு மட்டும் அன்று, வீட்டின் நிலையும் நாட்டின் நிலையும் பிள்ளைகளின் போக்கும் சேர்ந்து உருவாக்குவது என்ற எண்ணம் பல புலவர்களிடம் இருந்தது தெரிகிறது.

உடல் தளர்ச்சியை மிக நெருக்கமாகக் காட்டுவது 243-ஆம் பாடல். இதைப் பாடியவரின் இயற்பெயர் தெரியவில்லை. பாடலில் வரும் ஊன்றுகோலைக் கொண்டே ‘தொடித்தலை விழுத்தண்டினார்’ என்று அழைக்கப்படுகிறார். பூண் கட்டிய தலையையுடைய பெரிய கோல் என்பது அதன் பொருள். மணலில் பாவை செய்து பூச்சூட்டி விளையாடியதையும், பெண்களோடு கைகோத்துக் குளத்தில் ஆடியதையும் அந்த முதியவர் நினைத்துப் பார்க்கிறார். துறையில் நீர்மேல் தாழ்ந்திருந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் வியக்க ஆழமான நீரில் குதித்து, அடிமணலை அள்ளி வந்து காட்டியதும் நினைவுக்கு வருகிறது. இப்போது கோலூன்றி நடுங்கி நிற்கிறார். இருமலுக்கு இடையே சில சொற்கள்தான் வெளிவருகின்றன. இளமை போனது இயற்கை என்று அவர் தம்மைத் தேற்றிக்கொள்வதில்லை. அது எங்கே போயிற்று என்றே இரங்குகிறார்.

நரிவெரூஉத்தலையார் பாடிய 195-ஆம் பாடலில் இந்த இரக்கம் இல்லை. அவர் நரைத்த தாடியும் சுருங்கிய கன்னமும் உடைய முதியவர்களை நேரே விளித்துக் கடிந்துகொள்கிறார். கூற்றுவன் வந்து கட்டி இழுக்கும்போது வருந்திப் பயனில்லை, நல்லது செய்ய இயலாவிட்டால் தீயது செய்வதையாவது விட்டுவிடுங்கள் என்கிறார். வயதானவர் என்பதாலேயே ஒருவர் மதிப்புக்கு உரியவர் ஆகிவிடுவதில்லை என்ற கருத்து இதில் வெளிப்படையாகவே உள்ளது.

வறுமையில் முதுமை எப்படி இருக்கும் என்பதற்கு 159-ஆம் பாடல் சான்று. பெருஞ்சித்திரனார் குமண வள்ளலிடம் பரிசில் கேட்டுப் பாடியது இது. அவருடைய தாய்க்கு நூலை விரித்தாற்போன்ற நரைமுடி. கண் மங்கிவிட்டது. கோலைக் காலாகக் கொண்டு சிற்றடி வைத்து நடக்கும் அவரால் வீட்டு முற்றத்துக்குக்கூடப் போக முடியவில்லை. இத்தனை ஆண்டுகள் ஆகியும் உயிர் போகவில்லையே என்று அவர் நொந்துகொள்கிறார். அதே வீட்டில் மனைவி பல குழந்தைகளுக்குப் பாலூட்டி வாடியிருக்கிறாள். குப்பைமேட்டில் முளைத்த கீரையின் இளந்தளிரைப் பறித்து வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். மூன்று தலைமுறையும் ஒரே உலையை நம்பியிருக்கும் வீடு அது. கிழவி சாவை விரும்புவதற்கு மூப்பு மட்டுமே காரணம் அன்று என்பதைப் புலவர் விளக்கிச் சொல்லவில்லை. தாயையும் மனைவியையும் அடுத்தடுத்து நிறுத்திக் காட்டியதே போதுமானதாக இருக்கிறது.

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும்

தலைமுறை முரணின் கடுமையான வடிவம் கோப்பெருஞ்சோழன் வரலாற்றில் உள்ளது. உறையூரை ஆண்ட இவன் தன் மக்கள்மேல் படையெடுத்துச் சென்றபோது புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்துப் பாடியது 213-ஆம் பாடல். அவர் அன்பைக் காட்டி உருகவில்லை, கணக்கைக் காட்டி வாதிடுகிறார். நீ இறந்தபின் இந்த நாடு யாருக்கு உரியது? எதிர்த்து வந்திருக்கும் அவர்களுக்குத்தானே? அவர்கள் தோற்றால் உன் செல்வத்தை யாருக்கு விட்டுச் செல்வாய்? நீ தோற்றால் உன் பகைவர்கள் அல்லவா மகிழ்வார்கள்? எந்தப் பக்கம் வென்றாலும் இழப்பு என்பதே வாதத்தின் சாரம். அடுத்து வரும் பாடல்களில் அரசன் வடக்கிருக்கிறான், அதாவது வடதிசை நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிகிறான். மக்களோடு கொண்ட பகையே இதற்குக் காரணம் எனக் கொள்வது மரபு.

பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரைச் சேர்ந்த புலவர் ஆந்தையார், நேரில் காணாமலே இவனுக்கு நண்பரானவர். அவர் வருவாரா என்று பிறர் ஐயுற்றபோது, செல்வக் காலத்தில் வராவிட்டாலும் துன்பக் காலத்தில் வராமல் இருக்கமாட்டார் என்று அரசன் சொன்னான். தன் அருகே அவருக்கு இடம் ஒதுக்கவும் சொன்னான். அவரும் வந்து உடன் வடக்கிருந்தார்.

ஆண்டு பல ஆகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி என்று சான்றோர் கேட்டதற்கு அவர் கூறிய விடை 191-ஆம் பாடல். மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தாம் நினைப்பதையே நினைக்கும் ஏவலர், தீயது செய்யாமல் காக்கும் வேந்தன், ஊரில் அடக்கமுள்ள சான்றோர் பலர் ஆகியோரை அவர் காரணமாகக் கூறுகிறார். உணவோ மருந்தோ இந்தப் பட்டியலில் இல்லை. மேடைகளில் இப்பாடல் கவலையற்ற வாழ்வுக்கான அறிவுரையாகவே எடுத்தாளப்படுகிறது. ஆனால் வடக்கிருந்த அரசனைக் காண வந்த இடத்தில் கேட்ட கேள்விக்கான விடை இது எனக் கொண்டால் அதன் கனம் வேறு. தம் மக்கள் அறிவு நிரம்பியவர்கள் என்று ஒருவர் சொல்கிறார். தன் மக்களோடு போருக்கு நின்றவன் அருகில் உயிர்விட்டுக்கொண்டிருக்கிறான்.

பொத்தியார் என்னும் புலவரும் அரசனோடு உயிர்விட விரும்பினார். அவர் மனைவி கருவுற்றிருந்ததால், மகன் பிறந்தபின் வருமாறு சொல்லி அரசன் அவரை அனுப்பிவிட்டான். பெற்ற மக்களோடு பகைத்து நின்றவனே, நண்பனின் பிறவாத பிள்ளைக்குத் தந்தை வேண்டும் என்று கருதினான். மகன் பிறந்தபின் பொத்தியார் திரும்பி வந்தபோது அரசன் நடுகல்லாகியிருந்தான். தமக்குரிய இடம் எது என்று அவர் அந்தக் கல்லைக் கேட்பது 222-ஆம் பாடல். கல்லான பின்னும் அவன் இடம் கொடுத்ததாகச் சொல்வது 223-ஆம் பாடல்.