'ஆதாரம் இல்லை' என்ற சொல் செய்யும் வேலை

ஒரு படுகொலை நடந்ததா இல்லையா என்று இரு தரப்பும் மோதிக்கொண்டிருக்கும் இடத்தில் பத்திரிகையாளர் ஒருவர் எழுதும் நூலை எதைக் கொண்டு மதிப்பிடுவது? நமக்குச் சாதகமான முடிவுக்கு வருகிறாரா என்று பார்ப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். மார்க் டானரின் 'எல் மொஸோதே படுகொலை' (1994) இந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்க வைக்கிற நூல்.

1981 டிசம்பரில் எல் சால்வடாரின் மொராஸான் பகுதியில், அமெரிக்கப் பயிற்சி பெற்ற அட்லகாட்ல் படைப்பிரிவு எல் மொஸோதேயிலும் சுற்றுக் கிராமங்களிலும் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. கணவரையும் நான்கு குழந்தைகளையும் இழந்து உயிர்தப்பிய ரூஃபினா அமாயா நடந்ததைச் சொன்னார். ரேமண்ட் பான்னரும் அல்மா கில்லர்மோப்ரியட்டோவும் எழுதிய செய்திகள் 1982 ஜனவரி 27இல் வெளிவந்தன. மறுநாளே, எல் சால்வடார் அரசு மனித உரிமைகளைப் பேண முயல்கிறது என்று ரீகன் சான்றளித்தார். ராணுவ உதவி தொடர அந்தச் சான்று தேவைப்பட்டது.

டானர் தோண்டுவது இங்கேதான். விசாரிக்கப் போன அமெரிக்கத் தூதரக அதிகாரிகள் இருவரும் எல் மொஸோதேவுக்குள் காலடி வைக்கவில்லை. கூட வந்த சிப்பாய்கள் அதற்குமேல் வர மறுத்துவிட்டார்கள். அகதிகளின் பயத்தைப் பார்த்தபோது ஏதோ பயங்கரம் நடந்திருக்கிறது என்று அதிகாரிகளுக்கே பட்டது. ஆனால் வாஷிங்டனுக்குப் போன தந்தியில் மிஞ்சியது, திட்டமிட்ட படுகொலை என்று உறுதிசெய்ய ஆதாரம் கிடைக்கவில்லை என்பது மட்டுமே. 'போய்ப் பார்க்க முடியவில்லை' என்பது 'ஆதாரம் இல்லை' ஆகிறது. அது 'நடக்கவில்லை' என்று வாசிக்கப்படுகிறது. பொய் சொல்லவே வேண்டியதில்லை, பாருங்கள்! ஊரில் இருந்ததே 300 பேர்தான், எப்படி அத்தனை பேர் சாவார்கள் என்ற கணக்கும் அப்படித்தான். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கே அடைக்கலம் புகுந்திருந்ததை அது விட்டுவிட்டது.

நிருபர்களை அழைத்துப் போனது கெரில்லாக்கள் என்பதை டானர் மறைக்கவில்லை. செய்தி கெரில்லாக்களுக்குப் பயன்பட்டது உண்மை. அதனாலேயே அது பொய்யாகிவிடுமா? நமக்குப் பயன்படுகிறது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடுவதும் இல்லை. செயல்பாட்டாளர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

1992இல் தேவாலயத்தை ஒட்டிய கட்டட இடிபாடுகளில் அர்ஜென்டினத் தடயவியல் குழு தோண்டியது. 143 பேரின் எச்சங்கள் கிடைத்தன. அவர்களில் 131 பேர் 12 வயதுக்கு உட்பட்டவர்கள். மறுப்பு அதோடு சரிந்தது. ஆனால் கேள்வி நிற்கிறது: ஒரு விவசாயப் பெண்ணின் வாய்ச்சொல் நம்பப்பட எலும்புகள் வரவேண்டியிருந்தது ஏன்?

இதை நூல் முழுதாக எதிர்கொள்ளவில்லை. 'பனிப்போரின் நீதிக்கதை' என்பது துணைத்தலைப்பு. நீதிக்கதை என்றாலே நீதி யாருக்கு என்று கேட்கத் தோன்றும். இங்கே பாடம் வாஷிங்டனுக்கு. மொராஸான் மக்கள் பெரும்பாலும் சாட்சிகளாகவே வந்துபோகிறார்கள். எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் போட்ட கணக்கு, அவர்களுடைய அரசியலாக வாசிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இருந்தும் நூலை நான் பரிந்துரைப்பது அதன் பின்பகுதிக்காக. தந்திகள், மறுப்புகள், டானருக்கு எதிரான வாதங்கள், இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் எல்லாம் அங்கே இருக்கின்றன. அவரை நம்பாதவர்கூட அவற்றை வைத்து அவரோடு சண்டை போடலாம். குற்றவாளிகளைக் காத்த 1993ஆம் ஆண்டு மன்னிப்புச் சட்டத்தை எல் சால்வடார் உச்ச நீதிமன்றம் 2016இல் ரத்து செய்தது. ரூஃபினா 2007இலேயே இறந்துவிட்டார்.